அலுவலக இணைய மென்பொருளில் பயனர் அனுமதியை முதலில் சரிசெய்வதா, பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை முதலில் தடுப்பதா?

நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் பில்லிங்கும் கணக்கும் முழுக்க பிரவுசரிலேயே நடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட இரண்டையும் ஒரே வேலையாகத்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்; அதற்கென்று தனி லாகின் கிடையாது. யார் உள்ளே நுழைந்திருக்கிறாரோ அவருடைய அனுமதியை வைத்துக்கொண்டே அது பக்கத்தைப் படிக்கிறது, மாற்றவும் செய்கிறது.

ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். "இன்வாய்ஸ் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு தம்பி, வந்து பாருங்க" என்று கணக்குப் பிரிவு அக்கா ஒருநாள் கூப்பிட்டார். அவருடைய குரோமில் 11 எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, எப்போதோ ஒரு டெண்டருக்காக ஒரே ஒருமுறை பயன்படுத்திய பிடிஎஃப் மாற்றி. அதன் விவரப் பக்கத்தில், எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி இருந்தது. மேலாளர் விடுப்பில் போன வாரம் அக்காவுக்குக் கொடுத்த அட்மின் உரிமையோ இரண்டு ஆண்டுகளாக அப்படியே இருந்தது. அதைத் திரும்ப எடுக்காதது என் தவறு.

நல்ல பெயருள்ள எக்ஸ்டென்ஷன் என்பதும் போதாது. 2024 டிசம்பரில், தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட சைபர்ஹேவன் நிறுவனத்தில் ஒருவர் ஃபிஷிங் மின்னஞ்சலை (நம்பகமான இடத்திலிருந்து வந்ததுபோல் ஏமாற்றும் மின்னஞ்சல்) நம்பி அனுமதி கொடுத்துவிட, அவர்களுடைய குரோம் எக்ஸ்டென்ஷனின் கெட்ட பதிப்பு குரோமின் அதிகாரபூர்வ ஸ்டோர் வழியாகவே வெளியாகி, பயனர்களின் கணினிகளில் தானாக அப்டேட் ஆனது. லாகின் குக்கீ, அதாவது நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்ட பிரவுசர் வைத்திருக்கும் சிறு தகவல், களவு போய்விட்டால் பாஸ்வேர்டும் ஓடிபியும் பெரும்பாலும் காப்பாற்றாது.

ஆகவே முதலில் அனுமதியைக் குறையுங்கள். ஆளைப் பார்த்துக் கொடுக்காமல் வேலையைப் பார்த்துக் கொடுங்கள்: பில் போடுபவரே அதை ரத்து செய்யவோ வங்கிக் கணக்கு எண்ணை மாற்றவோ முடியக்கூடாது. இருவர் ஒரே லாகினைப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். அட்மின் உரிமை உள்ளவருக்கும் தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று தனியே இருக்கட்டும். அட்மின் கணக்கைத் திறக்கும் பிரவுசர் புரொஃபைலில் (ஒரே பிரவுசருக்குள் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் பயனர் பகுதி) ஒரு எக்ஸ்டென்ஷன்கூட வேண்டாம்.

அடுத்து எக்ஸ்டென்ஷன்கள். குரோம், எட்ஜ் இரண்டிலும் குரூப் பாலிசி (அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் வசதி) வழியாக, எக்ஸ்டென்ஷன் தடைப் பட்டியலில் நட்சத்திரக் குறி (*) ஒன்றை மட்டும் இட்டால் எல்லாமே தடைபடும். தேவையானவற்றை அவற்றின் 32 எழுத்து ஐடியைக் கொண்டு அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பெயரை நம்பிச் சேர்க்காதீர்கள், ஒரே பெயரில் பல எக்ஸ்டென்ஷன்கள் இருக்கும். அனுமதித்தவைகூட உங்கள் கணக்கு மென்பொருளின் இணைய முகவரியை மட்டும் தொடாதபடி 'ரன்டைம் பிளாக்டு ஹோஸ்ட்ஸ்' என்ற அமைப்பால் தடுக்கலாம். பலரும் கவனிக்காத இந்த அமைப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

தடையைப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே யார் எதை, எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் டெஸ்பாட்ச் பிரிவில் பார்கோடு லேபிள் அச்சிட ஒரு எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டது; கேட்காமல் தடுத்திருந்தால் அன்று லாரி கிளம்பியிருக்காது.