வீட்டோடு கொழும்புக்குப் போய்விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. ஆட்டிசம் என்று சென்ற ஆண்டு சொன்னார்கள். ஓரிரு சொற்கள்தான் பேசுகிறான். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். இங்கே பேச்சுச் சிகிச்சைக்குத் தவணை கிடைக்க நாளாகிறது. வங்கியில் வேலை செய்யும் என் கணவர் கொழும்புக்கு இடமாற்றம் கேட்கலாம் என்கிறார். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடும் பார்த்துவிட்டோம். எங்களோடு இருக்கும் மாமியோ, "பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம்" என்று அழுகிறார். என்ன செய்வது, ரீச்சர்?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, மகன் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தனக்கு ஒன்று வேண்டும், அதை எடுத்துத்தர ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் அம்மா என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதை வளர்த்தெடுக்கும் ஆட்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆகவே குடிபெயர்வதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கொழும்புக்குப் போய்வருவதைத் தள்ளிவைக்க வேண்டாம்.

அங்கே பெறக்கூடியது நிறைய உண்டு. பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான 'அயதி' நிலையம் இருக்கிறது. பிள்ளையை முழுமையாகப் பரிசோதித்து, செவிப்புலனையும் பார்த்து, அடுத்த சில மாதங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குவதற்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் செய்யலாம், தவறில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் நீங்களும் மாமியும்தான். சிகிச்சையாளர் பிள்ளையோடு இருப்பது அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். மிச்சமுள்ள நாள் முழுவதும் அவன் உங்கள் கையில்தான்.

நான் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில், அதாவது மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான வகுப்பில், படிப்பித்த காலத்தில் ஒரு பையன் இருந்தான். அவனுடைய அம்மம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். தண்ணீர்ப் போத்தலின் மூடியை நன்றாக இறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவன் போத்தலைத் திருப்பிப் பார்ப்பான், தரையில் தட்டுவான், பிறகு அம்மம்மாவின் முகத்தைப் பார்த்துப் போத்தலை அவர் மடியில் வைப்பான். அந்தக் கணத்தில் "திற" என்று ஒரே ஒரு சொல் சொல்லி மூடியைத் திறப்பார். வேறு பேச்சு இல்லை. பல மாதங்கள் கழித்து அவன் "தி" என்றான். அதற்குப் பிறகு கதவு, சோற்றுப்பெட்டி, புத்தகப்பை எல்லாவற்றுக்கும் "தி"தான். அந்தப் பொறுமையை எந்த ஊரிலும் பணம் கொடுத்து வாங்க முடியாது. உங்கள் மாமி அழட்டும், ஆனால் இதையும் பழகிக்கொள்ளட்டும்.

இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள, 2 முதல் 9 வயது வரையான 65 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2016 அளவில் வெளிவந்தன. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள், பிள்ளையின் சைகையைக் கவனித்து அதற்கேற்ப எப்படிப் பதில் கொடுப்பது என்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிக் கற்ற பெற்றோரின் பிள்ளைகள் தாமாகவே தொடர்புகொள்ள முன்வருவது கூடியது.

மொழியையும் யோசியுங்கள். நம் நாட்டில் தமிழில் பேச்சுச் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் குறைவு. கொழும்பில் உங்களுக்குக் கிடைப்பவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுபவராக இருக்கலாம். தவணை எடுக்கும்போதே "தமிழில் செய்வீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும், வீட்டில் தமிழ் பேசாதீர்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இரு மொழிச் சூழலால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அவனைத் தூங்கவைக்கும்போது நீங்கள் பேசும் மொழியை அவனிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது. இதில் எனக்குக் கோபமே வரும்.

இன்னொன்று பாடசாலை. அரச பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு வசிப்பிட அடிப்படையில் சேர்க்கும்போது, அந்த முகவரியில் எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள் என்பதற்கு வாக்காளர் இடாப்பு முதலிய ஆதாரங்களைக் கேட்பார்கள். நேற்றுப் போய்க் குடியேறியவர்களுக்கு அங்கே புள்ளி குறைவு. உப்புவெளி முகவரி உங்களுக்கு இங்கே பலம். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை இப்போதே சந்தித்து, எந்தப் பாடசாலையில் அலகு இயங்குகிறது என்று கேட்டு, நேரில் போய் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதையும் தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள்.

மாடி வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புவெளியில் கடற்கரை மணலில் ஓடித் திரியும் பிள்ளை, நாலாம் மாடியில் குதித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

குடிபெயர்வது சரியாக இருக்கும் வீடுகளும் உண்டு. பிள்ளைக்கு வலிப்பு இருந்து நரம்பியல் வைத்தியரை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தால், தன்னைத்தானே அடித்துக் காயப்படுத்தினால், துணைக்கு வீட்டில் ஒருவரும் இல்லையென்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போதும் முதலில் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைகளில் விசாரிக்கச் சொல்வேன். அங்கே தமிழில் மனம்விட்டுப் பேசலாம். மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம்.

கணவரிடம் இடமாற்ற விண்ணப்பத்தை இப்போது கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வரும் பாடசாலை விடுமுறையில் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ சில வாரங்கள் தங்கி, பரிசோதனைகளை முடியுங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிகிச்சையாளர் செய்து காட்டுவதை அவரும் பார்க்க வேண்டும். மகன் புது இடத்தில் எப்படித் தூங்குகிறான், எப்படிச் சாப்பிடுகிறான் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். திரும்பி வந்ததும் அந்தக் கொப்பியைப் பார்த்து எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். இடமாற்றத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.