அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பருவம் தொடங்கும் முன் வரும் கணிப்புகளைப் பார்த்து நம் பட்டியலை எழுதலாமா?

நண்பர்களோடு நடத்தும் கணிப்புப் போட்டிக்காகத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாகப் பாருங்கள். ஆனால் உங்கள் பட்டியலை எழுதி, உறையில் போட்டு ஒட்டிய பிறகு பாருங்கள். இதைத் தலைகீழாகச் செய்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2022 அக்டோபரில் நான் மில்வாக்கியில் ஆராய்ச்சி மாணவன். கல்லூரி அணிகள் தங்களுக்குள் மோதும் லீக்குகளில் ஒன்றான பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் 11 அணிகளும் எந்த வரிசையில் முடிக்கும் என்று எங்கள் ஆய்வகத்தில் ஆறு பேர் ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுப்போம். பணப் பந்தயம் கிடையாது, மானப் பிரச்சினை மட்டும்தான். உள்ளூர் அணியான மார்க்வெட்டுக்கு நான் மூன்றாம் இடம் எழுதியிருந்தேன்.

ஊர்ப் பாசத்தில் எழுதியதில்லை. முந்தைய பருவத்தில் அவர்களின் ஆட்டங்களைத் தவறாமல் நேரில் பார்த்திருந்தேன். புள்ளிகளைக் குவித்த ஜஸ்டின் லூயிஸும் டேரில் மோர்செல்லும் போய்விட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் டைலர் கோலெக் பந்தைக் கொடுக்கும் விதத்தைக் கவனித்திருந்தேன். சக வீரன் போய் நிற்கப்போகும் இடத்துக்கு, அவன் போவதற்கு முன்பே பந்து போய்விடும். மாற்று ஆட்டக்காரராக வந்துகொண்டிருந்த ஓசோ இகடாரோ அந்தப் பந்துகளை வாங்கிக் கூடையில் போடுவதையும், முதலாண்டு மாணவரான கேம் ஜோன்ஸ் தயங்காமல் எறிவதையும் பார்த்திருந்தேன். இவர்கள் மூவரும் இன்னும் ஒரு வயது கூடி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் 3 என்று எழுதினேன்.

பிறகு பயிற்சியாளர்களின் கணிப்பு வெளியானது. முதலிடம் கிரெய்ட்டன், மார்க்வெட்டுக்கு ஒன்பதாம் இடம். எந்தப் பயிற்சியாளரும் தன் அணிக்கு ஓட்டுப் போட முடியாது. ஆக மற்ற பத்துப் பேரும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு அது. வாழ்நாள் முழுக்க இந்த விளையாட்டிலேயே ஊறியவர்கள். அவர்களுக்கு முன் நான் யார்? 3ஐ அழித்துவிட்டு 8 என்று எழுதிக் கொடுத்தேன். பத்துப் பேரை எதிர்த்து நான் காட்டிய துணிச்சல் அந்த ஒரே ஒரு இடம்தான்.

நவம்பர் 29 அன்று, 2021இன் தேசிய சாம்பியனான பெய்லர் ஃபைசர்வ் ஃபோரம் அரங்குக்கு வந்தது. மார்க்வெட் 96-70 என்று வென்றது. மேல்தட்டில் என் பக்கத்தில் இருந்தவர்கள் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் கத்தினேன். ஆனால் அந்த 8 நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதன்பின் கான்ஃபரன்ஸில் 17 வெற்றி, 3 தோல்வி. பிக் ஈஸ்டில் யாரோடும் பகிராமல் மார்க்வெட் வென்ற முதல் பட்டம். கான்ஃபரன்ஸின் ஆண்டின் சிறந்த வீரர் கோலெக். மார்ச் 11 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சேவியரை 65-51 என்று வீழ்த்தி கான்ஃபரன்ஸ் கோப்பையையும் எடுத்துக்கொண்டார்கள்.

"நடந்து முடிந்த பிறகு எல்லோரும் ஜோசியர்தான்" என்று யாராவது எழுதுவீர்கள். முதலிடம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும் என நான் எங்கும் சொல்லவில்லை; 3 என்பதும் தவறுதான். பயிற்சியாளர்களையும் நான் குறை கூறவில்லை. கடைசி இரண்டு இடங்களில் அவர்கள் வைத்த டீபாலும் ஜார்ஜ்டவுனும் அங்கேயேதான் முடித்தன. கிரெய்ட்டன் மூன்றாவதாக வந்தாலும், தேசியத் தொடரில் ஒரே புள்ளியில் அரையிறுதியைத் தவறவிட்டது. நான்காம் இடம் தரப்பட்ட கனெக்டிகட், பிராவிடன்சோடு சமமாக அதே இடத்தில் முடித்தது. ஏப்ரலில் தேசிய சாம்பியனும் ஆனது. வேறு எந்தக் கணிப்பைத்தான் இவ்வளவு நம்ப முடியும்?

ஆனால் இந்தப் பட்டியல்கள் போனவர்களையும் வந்தவர்களையும் வைத்தே எழுதப்படுகின்றன. தங்கியவர்களைப் போன வருட அளவிலேயே வைத்துக் கணக்கிடுகிறார்கள். எதிரணிப் பயிற்சியாளர் எத்தனை வீடியோ பார்த்தாலும், நேருக்கு நேர் மோதுவது ஒரு பருவத்தில் பெரும்பாலும் இரண்டே முறை. நான் பார்த்தது அதைவிட எத்தனையோ மடங்கு. அதை நானே மதிக்கவில்லை.

இந்தப் பழக்கம் பள்ளியில் வந்தது. எங்கள் பள்ளியின் கூடைப்பந்து மைதானம் ஆசிரியர்களின் இருசக்கர வாகனங்கள் நிற்கும் இடமாக இருந்தது. உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார், கேட்டால் "பந்து விளையாடி என்ன கிழிக்கப் போகிறாய்?" என்பார். வாரத்துக்கு இரண்டே வகுப்புகள், அவற்றையும் பிடுங்கினார்கள். விளையாட்டைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வார்கள் என்று அடங்கிப்போகத்தான் கற்றுக்கொண்டோம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதனால் இதை அழிக்கப் போவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏதாவது ஓர் அணியின் ஆட்டங்களைப் பத்துக்கு மேல் நேரில் பார்த்திருந்தால், அந்த அணியின் இடத்தை மட்டும் யாருக்காகவும் மாற்றாதீர்கள். மற்ற அணிகளுக்குப் பயிற்சியாளர்களின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்த வருடம் நான் அப்படிச் செய்திருந்தால் எங்கள் ஆறு பேரில் முதலில் வந்திருப்பேன். தாள்களை வாங்கிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.