தாத்தாவும் பேரனும் ஒரே பக்கத்தில்

கேள்வி: எங்கள் பகுதிப் பவளக்காரத் தெருவில் அக்காலத்தில் யூத வணிகர்கள் இருந்தார்கள் என்று என் தந்தையார் சொல்வார். அவர்களுடைய சமயத்தில் தல்மூத் என்னும் நூலை வாழ்நாள் முழுவதும் படிக்கும் அறிஞர்கள் உண்டாமே, ஒரே நூலில் அவ்வளவு காலம் படிக்க என்ன இருக்கிறது?
– வாசகி ஒருவர், இராயபுரம்

பதில்: தந்தையார் சொன்னது சரியே. மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே கொண்டுவந்து, கோல்கொண்டா வைரங்களை வாங்கிச் சென்றவர்கள் அவர்கள்.

தல்மூத் என்பது யூதச் சமயச் சட்டங்களையும் அவை பற்றிய அறிஞர்களின் விவாதங்களையும் தொகுத்த நூல். பெரிதும் படிக்கப்படும் பாபிலோனியத் தல்மூதில் 2,711 ஏடுகள் உள்ளன. நாளொன்றுக்கு ஓர் ஏடு என்று உலகெங்கும் ஒரே வரிசையில் படிக்கும் வழக்கம் 1923இல் தொடங்கியது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 7 ஆண்டுகள் 5 மாதங்கள் ஆகும். அதுவும் மேலோட்டமான வாசிப்புத்தான். அறிஞர்கள் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, உரக்கப் படித்து, ஒருவர் சொன்ன பொருளை மற்றவர் மறுத்து, சில வரிகளிலேயே ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிடுவார்கள்.

காரணத்தை அந்நூலின் பக்க அமைப்பே காட்டும். நடுவில் மூலம் இருக்கும்; தாள்களைச் சேர்த்துத் தைத்த உள் ஓரத்தில் பிரான்சு நாட்டு ராஷியின் (1040–1105) உரையும், வெளி ஓரத்தில் அவருடைய பேரன்மாரும் பின்வந்தோரும் எழுதிய தோசஃபோத் என்னும் உரையும் இருக்கும். 1520 முதல் 1523 வரை வெனிசில் தானியேல் பொம்பெர்க் என்ற கிறித்தவர் அச்சிட்ட முதல் முழுப் பதிப்பின் ஏட்டெண்களையே இன்றும் பின்பற்றுகிறார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணரைச் சேனாவரையர் மறுக்கும் இடங்களைப் படித்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நம் பதிப்புகளில் அவ்விருவரையும் பெரும்பாலும் தனித்தனி நூல்களாகத்தான் வாங்குகிறோம். அங்கே மறுக்கப்பட்டவரும் மறுத்தவரும் பிரிக்க முடியாதபடி ஒரே தாளில் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு: வழிபாட்டின்போது யூத ஆண்கள் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும் சிறு தோற்பெட்டிகளுக்குள் நான்கு மறைப்பகுதிகள் உண்டு. அவற்றை அடுக்கும் வரிசையை ராஷி ஒருவிதமாகச் சொன்னார். அவருடைய மகள்வழிப் பேரன் ரப்பேனு தாம், கடைசி இரண்டையும் இடம் மாற்ற வேண்டும் என்றார். பொது வழக்கு தாத்தாவின் பக்கம் நின்றது. ஆயினும் பேரனின் கருத்தையும் தள்ள மனமில்லாத பக்தர்கள் சிலர் இன்றும் இரண்டு சோடிப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். முதலில் ராஷி சொன்னபடி அமைந்ததைக் கட்டி வழிபட்டு, அதைக் கழற்றிய பிறகு, பேரன் சொன்னபடி அமைந்ததைக் கட்டிக்கொள்கிறார்கள்.