பழைய ஏஜிபி கார்டு: வோல்டேஜ், பயாஸ், டிவி இணைப்பு

கேள்வி: 1998-ல் வாங்கிய ஏஜிபி கார்டு (மதர்போர்டின் ஏஜிபி ஸ்லாட்டில் செருகும் பழைய வகை கிராபிக்ஸ் கார்டு) ஒன்று வைத்திருக்கிறேன். இன்டெல் 845 சிப்செட் (போர்டைக் கட்டுப்படுத்தும் சிப்கள்) உள்ள பென்டியம் 4 மதர்போர்டில் போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கார்டின் அடியில் தங்க நிறத்தில் பளபளக்கும் விளிம்பை முதலில் பாருங்கள். கேபினெட்டில் திருகி மாட்டும் தகட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வெட்டு இருந்தால் அது 3.3 வோல்ட் கார்டு. தகட்டிலிருந்து தள்ளி இருந்தால் 1.5 வோல்ட். இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டிலும் ஓட வேண்டும். 845 தாங்குவது 1.5 வோல்ட் மட்டும்தான். ஆகவே ஸ்லாட்டில் இறங்க மறுக்கும் கார்டை அழுத்திச் செருகவே கூடாது.

இதைவிட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சில மலிவு கார்டுகளில் இரண்டு வெட்டும் இருக்கும், ஆனால் சிப் 3.3 வோல்ட்டில்தான் ஓடும். அதைப் போட்டு ஆன் செய்தால் மதர்போர்டே போய்விடும். நல்ல போர்டு ஒன்று இப்படிப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன், இன்றும் மனசு கேட்கவில்லை. அதனால் வெட்டை மட்டும் நம்பாமல் சிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். 4எக்ஸ் வேகம், அதாவது ஏஜிபியின் அடிப்படை வேகத்தைப் போல நான்கு மடங்கு, 1.5 வோல்ட்டில்தான் நடக்கும். சிப் 4எக்ஸ் தாங்கும் என்றால் தைரியமாகப் போடலாம். 2எக்ஸ் வரைதான் என்றால், இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் மாதிரியான பழைய போர்டு ஒன்றைத் தேடுங்கள். அந்தக் கார்டுக்கு அதுதான் சரியான வீடு.

கேள்வி: ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் 400 கார்டு, கம்ப்யூட்டரில் 256 எம்பி ராம். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் திறக்கக்கூடிய மதர்போர்டு செட்டிங் திரை) ஏஜிபி அபெர்ச்சர் சைஸை 256 எம்பி ஆக்கினால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. கார்டின் சொந்த மெமரி போதாதபோது, டெக்ஸ்சர்களை (கேமில் பரப்புகள் மேல் ஒட்டும் படங்கள்) ராமிலிருந்து எடுத்துக்கொள்ள விடப்படும் முகவரி எல்லைதான் அபெர்ச்சர். 256 என்று வைத்த உடனே உங்கள் ராம் முழுவதையும் அது விழுங்கிவிடாது, அந்தப் பயமும் வேண்டாம். ஆனால் ராமிலிருந்து எடுப்பது கார்டின் மெமரியிலிருந்து எடுப்பதைவிட மெதுவானது. 64 எம்பியிலேயே விடுங்கள்.

கேள்வி: கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் திரை உறைந்துவிடுகிறது. எந்த செட்டிங்கை மாற்றுவது?

பதில்: செட்டிங்கைத் தொடும் முன் கேபினெட்டைத் திறந்து, கார்டின் ஃபேன் சுற்றுகிறதா, கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் கழித்து வருகிறது என்றால் என் சந்தேகம் சூட்டின் மேல்தான். அது சரியாக இருந்தால் பயாஸில் ஃபாஸ்ட் ரைட்டை (ப்ராசஸர் நேராகக் கார்டுக்கு எழுத விடும் வசதி) நிறுத்துங்கள். அப்புறமும் உறைந்தால் 4எக்ஸை 2எக்ஸ் ஆக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

கேள்வி: மானிட்டரில் ரிஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) 100 ஹெர்ட்ஸ் வைத்தேன். திரை கறுப்பாகிவிட்டது.

பதில்: விண்டோஸ் எக்ஸ்பியில் எதையும் அழுத்தாமல் 15 நொடி காத்திருந்தாலே பழைய நிலைக்கு வந்துவிடும். உறுதி செய்துவிட்டீர்கள் என்றால், ரீஸ்டார்ட் செய்து எஃப்8 அழுத்தி, விஜிஏ மோடில் நுழைந்து குறையுங்கள். சிஆர்டி (பழைய குழாய் மானிட்டர்) திரைக்கு 85 ஹெர்ட்ஸே கண்ணுக்கு இதமாக இருக்கும்.

கேள்வி: கார்டின் டிவி-அவுட்டிலிருந்து (டிவிக்குப் படம் அனுப்பும் இணைப்பு) டிவியில் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது.

பதில்: டிரைவரில் டிவி முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால், நம் ஊர் டிவிகளின் முறையான பால் (PAL) ஆக்குங்கள், சில கார்டுகளில் இதற்கென ஜம்பரே (ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) உண்டு. அதன் பிறகும் நிறம் வராவிட்டால், டிவியின் மெனுவில் அந்த இன்புட்டை எஸ்-வீடியோ (நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக அனுப்பும் முறை) என்று மாற்றிப் பாருங்கள்.