விரல் பதியாவிட்டால் பேர் விழாதா?

கேள்வி: டீச்சர், நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். இப்போது பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு வந்தவர்களைப் பதிவதற்கு, கைரேகை மெஷின் வைத்திருக்கிறார்கள். என் விரலைப் பத்துத் தடவை வைத்தாலும் அது எடுப்பதில்லை. போன மாதம் மூன்று நாள் வேலை செய்தும் பேர் (அந்த நாளுக்கான சம்பளக் கணக்கு) விழவில்லை. கேட்டால் "மெஷினில் இல்லை" என்கிறார்கள். வெளிநாட்டில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதாம், மகன் சொல்கிறான். நமக்கு இல்லையா?
- ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அம்மாவின் பெருவிரல்தான் கண்முன் வந்தது. கொழுந்துக் கறை ஏறி, வெடித்து, ரேகையே தேய்ந்த விரல். சம்பள நாளில் மை தடவி வைத்தால் தாளில் ஒரு நீலத் திட்டுதான் விழும். ஆனாலும் எதிரில் இருந்த கணக்கப்பிள்ளைக்கு அம்மாவைத் தெரியும், சம்பளம் கைக்கு வந்துவிடும். தெரிந்த ஆள் முன்னால் நிற்கும்போதே மெஷின் சொன்னால்தான் பேர் என்பது பெரிய அநியாயம்.

இலங்கையில் நமக்கும் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆளை அடையாளம் காண எடுக்கும் கைரேகையை அது விசேட வகைத் தரவாக, அதாவது கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தகவலாக, வைத்திருக்கிறது. மெஷின் மட்டுமே எடுத்த முடிவு நம் உரிமையை மீளமுடியாதபடி தொடர்ந்து பாதித்தால், அதை மீளாய்வு செய்யக் கேட்கலாம் என்கிறது 18ஆம் பிரிவு. உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் 2025 மார்ச் 18இல் அமுலுக்கு வரவிருந்த முக்கிய பகுதிகளைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

மகன் சொன்னதும் சரிதான். ஐரோப்பாவில் 2018 முதலே இப்படியான உரிமை இருக்கிறது. வேலைத்தளத்தில் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழிய, 2025 பெப்ரவரியிலிருந்து தடுத்தும் விட்டார்கள். அதற்காக எல்லா நாடும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், வேலை சம்பந்தப்பட்ட தேவைக்கு முதலாளி சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்த இடம் வைத்திருக்கிறது. நாம் அந்த வழியில் போகக்கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

சரி, அந்த மூன்று நாள்? அதற்குத் தரவுச் சட்டம் அமுலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் உங்கள் பேரில் கொழுந்து நிறுத்திருப்பார்களே! கிலோக் கணக்கு இருந்தால், வேலைக்கு வந்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நிறுவைத் துண்டு இருந்தால் பத்திரமாக வையுங்கள். இல்லையென்றால் நிறுவைக் கணக்கைக் காட்டும்படி தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரோடு போய்க் கேளுங்கள். திகதிகளைப் போட்டு, விரல் பதியாதவர்களுக்குக் கையால் பேர் போடும்படி தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு எழுதிக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அப்புறமும் சம்பளம் வராவிட்டால் அந்தப் பிரதியோடு தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

கடிதம் எழுத மகன் உதவுவான். உங்களைப் போல விரல் தேய்ந்தவர்கள் லயத்தில் வேறு யாரும் இருந்தால், அவர்களையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.