இந்திராநகர் 12வது மெயினில் கைக்குழந்தையோடு குடியேறலாமா?

12வது மெயின் ரோட்டை ஒட்டிய வீடு வேண்டாம். பெங்களூரு இந்திராநகரிலேயே நாலைந்து தெரு உள்ளே தள்ளிக் கிடைத்தால் தாராளமாகப் போங்கள்.

"பகலில் அமைதியாகத்தானே இருந்தது" என்கிறீர்கள். புரோக்கர் காலை 11 மணிக்குத்தான் காட்டுவார்! அந்த ரோட்டிலுள்ள பப்கள் இரவு 1 மணி வரை ஓடும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல், அது காகிதத்தில். பாட்டைவிடக் கொடுமை, பப் மூடியபின் கேட்டருகே நின்று பேசும் கூட்டமும் பைக் உறுமலும்.

சனிக்கிழமை இரவு 11:30க்குப் போய், படுக்கையறை ஜன்னலைச் சாத்திக் கண்ணாடியில் கைவைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் விட்டுவிடுங்கள். பின்பக்க அறை என்றால் கொஞ்சம் தேவலை.

பின்னால் பள்ளிக்கு வசதி என்றுதான் இங்கே வருகிறீர்கள் என்றால், பள்ளி இடம் உறுதியாகும் முன் 10 மாத வாடகை அட்வான்ஸைக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்துத் தெருவில் இருப்பதாலேயே தனியார் பள்ளியில் சீட் கிடைத்துவிடாது.