ஸ்கைடைவிங் பழகப் போகிறேன்: எந்த ரிக் வாங்குவது, எந்த இடத்தில் குதிப்பது?

டேண்டம் (பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிப்பது) ஒன்று குதித்தாயிற்று, அடுத்து அமெரிக்காவில் தனியாகக் குதிப்பதற்கான முதல் உரிமமான ஏ லைசென்ஸ் எடுக்கப் போகிறேன், சொந்த ரிக் (முதுகில் மாட்டும் பாராசூட் தொகுதி) இப்போதே வாங்கிவிடலாமா, டிராப்சோனை, அதாவது குதிக்கும் இடத்தை, எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ரிக்கை இப்போது வாங்காதீர்கள். ஏ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதிப்பு வேண்டும். அதுவரை பயிற்சி நடத்துபவர்களே ரிக் தருவார்கள், அல்லது வாடகைக்குக் கிடைக்கும். முதல் குதிப்பில் உங்கள் தலைக்கு மேல் விரியும் பாராசூட்டின் அளவும் இருபத்தைந்தாவதில் விரிவதன் அளவும் ஒன்றாக இருக்காது. முன்கூட்டியே வாங்கினால் கைக்கு வந்த அன்றே பொருந்தாமல் போகும், அல்லது இது போதும் என்று சிறியதோடு பழகத் தோன்றும். இரண்டாவதுதான் ஆபத்து. எனவே முதலில் இடத்தைப் பற்றிப் பேசுவோம்.

அமெரிக்காவில் டிராப்சோன் நடத்துவதற்கென்று அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தனியாக உரிமம் தருவதில்லை. விமானத்துக்கும் விமானிக்கும் ரிசர்வ் (அவசரகால) பாராசூட்டை மடிக்கும் ரிக்கருக்கும் சான்றிதழ் உண்டு. குதிப்புக்கென்று பார்ட் 105 என்ற விதித்தொகுப்பும் உண்டு. மாணவரை எந்தக் காற்றில் நிறுத்த வேண்டும், எந்த உயரத்தில் பாராசூட்டை விரிக்க வேண்டும் என்பதெல்லாம் யு.எஸ்.பி.ஏ. என்ற அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் அடிப்படைப் பாதுகாப்பு விதிகளில் இருக்கின்றன. அவற்றைக் கடைப்பிடிப்பதாக உறுதி தந்த இடத்துக்கு ‘குரூப் மெம்பர்’ என்று பெயர். அது அவர்கள் தரும் வாக்கு; யாரோ வந்து சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. இருந்தாலும் அந்த வாக்கைக்கூடத் தராத இடத்தில் மாணவராகச் சேர வேண்டாம். 2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லோடை ஊரில் டேண்டம் குதித்த 18 வயது இளைஞரும் அவரோடு குதித்த பயிற்சியாளரும் இறந்தார்கள். அந்தப் பயிற்சியாளரிடம் முறையான டேண்டம் தகுதி இருக்கவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. டேண்டம் பயிற்சியாளருக்குக் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் 500 குதிப்பும் வேண்டும் என்று பார்ட் 105 சொல்கிறது. “உங்கள் ரேட்டிங் அட்டையைப் பார்க்கலாமா?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல இடத்தில் சிரித்த முகத்தோடு எடுத்துக் காட்டுவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். இணையத்தில் நூறு விமர்சனம் படிப்பதைவிட இது மேல். மதியத்துக்கு மேல் காற்று ஏறும்போது என்ன நடக்கிறது? தனியாகக் குதிக்கும் மாணவருக்குக் காற்று வரம்பு மணிக்கு 14 மைல். காற்றுமானி 13, 16, 12 என்று துள்ளிக்கொண்டிருக்கும்போது மாணவர்களை உட்கார வைக்கிறார்களா, ‘இன்னும் ஒரு லோடு மட்டும்’ என்று ஏற்றுகிறார்களா? வேகமாகச் சுழன்று இறங்கும் ஸ்வூப்பர்களுக்கு இறங்கும் இடமோ நேரமோ தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா, மாணவர்கள் இறங்கும் பாதைக்குள்ளேயே புகுந்து வருகிறார்களா? விமானம் ஏறும் முன் ஒருவர் முதுகை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார்களா? உங்களைத் தடுத்து நிறுத்தத் தயங்காத இடம்தான் உங்களுக்கு வேண்டும். ஐம்பது குதிப்புக்காரர் தலைக்கவசத்தில் கேமராவோடு வந்தால் கழற்றச் சொல்லும் இடமாக அது இருக்கட்டும். கேமராவுக்கு 200 குதிப்பு என்பது யு.எஸ்.பி.ஏ. பரிந்துரை.

இறங்கும் களத்தை நடந்தே பாருங்கள். மாணவருக்கும் ஏ லைசென்ஸ்காரருக்கும் மரக்கூட்டம், கட்டடம், மின்கம்பி, நீர்நிலை எதுவும் 330 அடிக்குள் இருக்கக்கூடாது. மரவரிசையைத் தாண்டி வரும் காற்று அதன் உயரத்தைப் போல 10 முதல் 20 மடங்கு தூரம் வரை கலங்கியே இருக்கும். 40 அடி மரம் என்றால் 400 முதல் 800 அடி வரை பாராசூட் திடீரென்று அமுங்கலாம். களத்தைத் தவறவிட்டால் இறங்க வேறு திறந்த நிலம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு, வானிலிருந்து எடுத்த அந்தப் பகுதியின் படம் ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்திருக்க வேண்டும்.

ஊரின் உயரமும் வெயிலும் கணக்கில் வரும். கொலராடோவின் லாங்மான்ட் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி 8,000 அடிக்கு உரியதாக மெலிந்துவிடும். கடற்கரை ஊரில் இறங்குவதைவிட 12, 13 சதவீதம் வேகமாகத் தரையைத் தொடுவீர்கள். அரிசோனாவின் ஈலாய், கலிபோர்னியாவின் பெரிஸ் போன்ற வறண்ட இடங்களில் பார்க்க வேண்டியது சூறைச்சுழி. தரையில் புழுதி சுழன்று எழுவது தெரிந்தால் அதை விட்டுத் தள்ளி இறங்க வேண்டும். இந்த இரண்டும் பெரிய, பெயர் பெற்ற டிராப்சோன்கள். பல விமானங்கள், நாள் முழுக்கக் குதிப்பு. மாணவருக்குச் சிறிய செஸ்னா 182 விமானம் ஓடும் அமைதியான இடமும் மோசமில்லை. குதிக்கும் உயரம் சிறிய இடத்தில் 10,000 அடி, பெரிய இடத்தில் 13,500 அடி என்பதுதான் பெரிய வித்தியாசம். சிறிய இடத்தில் வானத்தில் கூட்டமும் குறைவு.

விமானத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 2019 ஜூனில் ஹவாயின் மொக்குலேயாவில் குதிப்பவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கிங் ஏர் விமானம் விழுந்து அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். கிளம்பியதுமே விமானி முரட்டுத்தனமாகத் திருப்பியதும், முந்தைய சேதத்தால் ஏற்பட்டிருந்த இறக்கை முறுக்கமும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன. இயந்திரத்தின் உள்பக்கம் உங்களுக்குப் புரியாமல் போகலாம். ஆனால் கிளம்பும்போது எல்லோரும் பெல்ட் போடுகிறார்களா, கதவு திறந்ததும் ஒட்டுமொத்தமாக வாலுக்கு நகர்கிறார்களா, வித்தை காட்டும் விமானியைப் பார்த்துக் கைதட்டுகிறார்களா என்பது கண்ணுக்குத் தெரியும். வால்பக்கம் பாரம் கூடினால் விமானம் தூக்குவிசை இழந்து குப்புற விழும்.

இனி பொருள். பயிற்சிக் காலத்திலேயே சொந்தமாக வாங்கத்தக்கவை நான்கு: ஆல்டிமீட்டர் (உயரமானி), தலைக்கவசம், கண்ணாடி, கொக்கி இல்லாத ஷூ. லேஸ் மாட்டும் உலோகக் கொக்கி பாராசூட் கயிற்றில் சிக்கும். முதல் ஆல்டிமீட்டர் முள் ஓடுவதாக இருக்கட்டும். பதற்றத்தில் எண்ணைப் படிப்பதைவிட முள்ளின் திசை சீக்கிரம் பிடிபடும். காதில் பீப் கொடுக்கும் கருவி பிறகு வரட்டும். அது கையில் கட்டியதற்குத் துணைதான், மாற்று இல்லை.

ரிக் என்பது நான்கு பொருள்: ஹார்னெஸோடு (உடம்பில் கட்டும் பட்டைகள்) சேர்ந்த கன்டெய்னர் (பாராசூட்டுகளை மடித்து வைக்கும் பை), மெயின் (முதன்மைப் பாராசூட்), ரிசர்வ், தேவைப்பட்டால் ரிசர்வைத் தானே விரிக்கும் ஏ.ஏ.டி. எனப்படும் தானியங்கி. மெயின் அளவை விங் லோடிங்கை, அதாவது ஒரு சதுர அடிப் பாராசூட் எத்தனை பவுண்டு தாங்குகிறது என்பதை, வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் எடை 72 கிலோ, உடையும் தலைக்கவசமும் 2, ரிக் 11. மொத்தம் 85 கிலோ, அதாவது 187 பவுண்டு. இதைப் பாராசூட்டின் சதுர அடியால் வகுங்கள். 210-க்கு 0.89, 190-க்கு 0.98, 150-க்கு 1.25. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் 1.0-ஐத் தாண்டக்கூடாது. பிறகு நூறு குதிப்புக்கு 0.1 என்று ஏறலாம் என்பது பரவலான கணக்கு. அதுவும் பாராசூட் ஓட்டும் பயிற்சி வகுப்பு முடித்தவருக்குத்தான். மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். 50 கிலோ உள்ளவருக்கு 1.0 என்றால் ஏறக்குறைய 135 சதுர அடி வரும். ஆனால் கயிறு குட்டையாகிவிடுவதால் அதே 1.0-இல் 190-ஐவிட 135 சட்டென்று திரும்பும். அவர் 150-க்குக் கீழே போகாமல் ஏறக்குறைய 0.9-இல் நிற்பது நல்லது. அமெரிக்காவில் 2023-இல் குதிப்பு விபத்தில் இறந்தவர்கள் 10 பேர். ஆண்டுதோறும் வரும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம், பழுதில்லாமல் விரிந்த பாராசூட்டைத் தரைக்கு அருகில் கூர்மையாகத் திருப்புவது. அளவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

துணி, காற்று ஊடுருவாத ஜீரோ போராசிட்டி வகை. மாடல் சாந்தமானது போதும். பி.டி. நிறுவனத்தின் ஸ்பெக்டர், பல்ஸ், ஏரோடைனின் பைலட் போன்றவை மெதுவாக விரியும். ரிசர்வை ‘எப்போதாவதுதானே’ என்று சிறியதாக வாங்குகிறவர்கள் உண்டு. மயங்கிய நிலையில், ஏ.ஏ.டி. விரித்துவிட்ட ரிசர்வில், கால் மடக்காமல் இறங்க நேரலாம். அதை நினைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன 85 கிலோகாரருக்கு 176 நல்லது, 143 வேண்டாம்.

ஏ.ஏ.டி. இல்லாத ரிக் மலிவாகக் கிடைத்தாலும் விலக்குங்கள். சைப்ரஸ், விஜில், எம்2 ஆகிய மூன்றும் நம்பத்தக்கவை. சைப்ரஸ் 2-இன் எக்ஸ்பர்ட் வகை, சுமார் 750 அடியில் மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை மூடி வைத்திருக்கும் கண்ணியை அறுத்துவிடும். அது தரையின் காற்றழுத்தத்தைச் சுழியமாகக் கொள்வதால் வீட்டிலோ ஓட்டலிலோ ஆன் செய்து எடுத்து வரக்கூடாது. டிராப்சோனில்தான் ஆன் செய்ய வேண்டும். வேறு எங்காவது இறங்கிக் காரில் திரும்பி வந்தால் அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள்.

செகண்ட்ஹேண்ட் ரிக் கேவலமில்லை. புதியது 7,000 முதல் 10,000 டாலர் ஆகிறது. ஆனால் ரிக்கர் பிரித்துப் பார்க்கும் முன் பணம் கைமாறக்கூடாது. ரிசர்வ் அட்டையைக் கேளுங்கள்: 180 நாளுக்குள் மடித்திருக்க வேண்டும். பி.டி. ரிசர்வின் லேபிளில் கட்டங்கள் இருக்கும். 40 முறை மடித்தாலோ 25 முறை விரித்தாலோ தொழிற்சாலைக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். ஏ.ஏ.டி. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஆயுள் முடியப் போகிறது என்றால் ஆயிரம் டாலருக்கு மேல் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கயிறு ஸ்பெக்ட்ரா என்ற நார் வகை என்றால் ஸ்லைடர் (விரிவதை மெதுவாக்கும் துணி) உரசும் சூட்டில் வெளிப்பக்கக் கயிறுகளும் பிரேக் கயிறும் சுருங்கும். பறக்கும்போது பிரேக் கைப்பிடியை முழுக்க மேலே விட்டும் பாராசூட்டின் வால்விளிம்பு கீழே இழுபட்டிருந்தால் பிரேக் கயிறு குட்டையாகிவிட்டது என்று பொருள். இறங்கும்போது பிளேர் (பிரேக்கை இழுத்து வேகம் குறைப்பது) சரியாக வேலை செய்யாது. மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் நடுக்கயிறும் இப்படித்தான் சுருங்கும். அப்போது பைலட் சூட் முழுதாக ஊதாமல் மெயின் தாமதமாக வெளிவரும். கன்டெய்னரின் அடியில் அதைச் செருகும் பை தொளதொளவென்று இருந்தால் அது தானாக நழுவி விமானத்துக்குள்ளேயே விரியக்கூடும். ஹார்னெஸ் விற்பவரின் உடம்புக்குத் தைத்தது என்பதை மறக்காதீர்கள். அணிந்து தொங்கிப் பார்க்கும்போது தோள்பட்டை நழுவினாலோ, கட்அவே (பழுதான மெயினைக் கழற்றிவிடுவது), ரிசர்வ் ஆகிய இரண்டு கைப்பிடிகளையும் பார்த்துக்கொண்டே எட்டிப் பிடிக்க முடியாவிட்டாலோ, விலை எவ்வளவு குறைவானாலும் அது உங்களுக்கு ஆகாது.

வாங்கியபின் மாதம் ஒருமுறை மெயினை ஹார்னெஸோடு இணைக்கும் மூன்று வளையங்களையும் பிரித்து, ரைசர் (தோளிலிருந்து மெயினுக்குப் போகும்) நாடாவை மடக்கி நெகிழ்த்தி, கட்அவே கைப்பிடியின் மஞ்சள் கேபிளைத் துடைத்துச் சிலிகோன் பூசுங்கள். நாடா ஒரே வடிவில் விறைத்துவிட்டால் கட்அவே இழுக்கும்போது வளையம் விடத் தயங்கும்.

குதிக்கும் நாளில் சோதனை மூன்று முறை: அணியும் முன், ஏறும் முன், கதவு திறக்கும் முன். மூன்று வளையம், மூன்று பட்டை, மூன்று கைப்பிடி (மெயின், கட்அவே, ரிசர்வ்). மார்புப் பட்டையை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள். வளையத்தில் நுழைந்து திரும்பி வராமல் சும்மா செருகியிருந்தாலும் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். பாராசூட் விரியும் அதிர்ச்சியில் அது கழன்றுவிடும்.